பழைய சோறும் காப்பாத்துச்சு, மாத்திரையும் காப்பாத்துச்சு



வைகாசியில் ஒருநாள் விடியக்காலை, ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கிட்டு இருந்தேன். பைக்கில் ஒரு தம்பி வந்து இறங்கினான். பக்கத்து ஊர்க்காரன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். வலது காலை ஊன்ற முடியாமல் வண்டியைப் பிடிச்சுக்கிட்டே நின்னான். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை அட்டைகள்.

"அண்ணே, தை மாசம் விதைத் திருவிழாவுல நீங்க பேசுன வீடியோவைப் பார்த்தேன். பழைய சோத்துலயே குடல் புண்ணையும் முட்டி வலியையும் விரட்டிட்டீங்களாமே. நானும் இன்னையோட இதையெல்லாம் நிறுத்திடலாம்னு வந்தேண்ணே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அப்படிப் பேசவில்லை. ஆனால் அப்படி அர்த்தம் வரும்படி பேசியிருக்கிறேன். பத்து நிமிசப் பேச்சில் ஒன்பது நிமிசம் பழைய சோறு, வரகு, மோர். இன்றைக்கும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை அந்த மேடையில் சொல்லவே இல்லை. நம்ம கூட்டத்தில் எதுக்குக் கைதட்டு விழும்னு நமக்குத் தெரியாதா? அந்தக் கைதட்டுக்கு ஆசைப்பட்டுப் பாதியை முழுங்கிட்டேன். அந்த மீதிப் பாதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆலத்தியூரில் எனக்கு மூன்றரை ஏக்கர் மானாவாரி. எள்ளு, வரகு, மக்காச்சோளம், வரப்போரம் துவரை, கொஞ்சம் ஆடு. ரசாயனத்தை விட்டுப் பன்னிரண்டு வருசம் ஆகுது. நோய் வந்தது அதுக்கப்புறம்தான். இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கை விவசாயிக்கு நோயே வராது என்று யாராவது பேசும்போது எனக்கு இப்பல்லாம் சங்கடமா இருக்கு.

முதலில் வெறும் வயிற்றுப்போக்குதான். அப்புறம் சீதம், அப்புறம் ரத்தம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. களை வெட்டப் போனால் ஓடை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேதான் வெட்டணும். சீதபேதி என்றார்கள், அதுக்கு மாத்திரை தின்றேன். மூலச்சூடு என்றார்கள், துத்திக்கீரை தின்றேன். துத்தி நல்ல கீரை, அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. நாலு மாசம் கழிச்சு வலது முட்டி வீங்கிச்சு. அது வடிஞ்சதும் இடது கணுக்கால். காலையில் எழுந்தால் அரை மணி நேரம் கால் மரக்கட்டை. ஒரு கிளினிக்கில் வலி ஊசி போட்டார்கள். ரெண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் வயிறு முன்னைவிட மோசம். திரும்பவும் ஊசி. வயித்துக்கு ஒரு டாக்டர், முட்டிக்கு ஒரு டாக்டர் என்று ரெண்டு வருசம் ஓடியது. ரெண்டையும் நானும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவங்களும் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியில், படிப்பு முடித்து வந்த சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் கேட்டார்: "ஐயா, ரத்தம் போற நாளும் முட்டி வீங்குற நாளும் ஒண்ணாவே வருதா?" யோசித்துப் பார்த்தால், ஆமாம். ஒண்ணாத்தான் வருது. மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, கடைசியில் கொலனோஸ்கோபி. பெருங்குடலின் உட்சுவர் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பேர் சொன்னார்கள்.

இது குடல் அழற்சி நோய் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, குடலையே எதிரியா நினைச்சு அடிக்க ஆரம்பிச்சுடுது. பெருங்குடலோடு நிற்பது கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரக்கூடியது க்ரோன்ஸ். 1932-ல் நியூயார்க்கில் அதை எழுதிய மருத்துவர்களில் ஒருவருடைய பேர்தான் அது. வெள்ளைக்காரன் நோய் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது நம்ம நாட்டிலும் கூடிக்கொண்டே வருகிறது. நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோயும் க்ரோன்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அனுபவப்பட்ட டாக்டர்களே திணறுவார்கள். காசநோய்க்குக் கொடுக்கிற மருந்து வேறு, இதுக்குக் கொடுக்கிற மருந்து வேறு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் காசநோய் உள்ளவருக்குத் தெரியாமல் கொடுத்தால் நோய் பரவிவிடும். அதனால், வயித்துக்கோளாறுதானே, நாமே பார்த்துக்கலாம் என்று இருந்துவிடக் கூடாத நோய் இது.

குடல் அழற்சி உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் வரைக்கும் மூட்டுத் தொல்லை வருகிறது. அது ஒரே மாதிரி வருவதில்லை. இதைப் புரிந்துகொண்டால்தான் சாப்பாட்டால் எது அடங்கும், எது அடங்காது என்று தெரியும். எனக்கு வந்தது முட்டி, கணுக்கால் மாதிரி பெரிய மூட்டுகளில் ஒன்றிரண்டில் வீக்கம். இது குடலோடு சேர்ந்தே ஏறும், குடலோடு சேர்ந்தே இறங்கும். குடலை அடக்கினால் முட்டி தானாக அடங்கும். இன்னொரு வகை, விரல் மூட்டு மாதிரி சின்ன மூட்டுகள் பலவற்றில் வரும். அதுக்கும் குடலுக்கும் நேரடித் தாளம் கிடையாது. மூன்றாவது முதுகெலும்பிலும் இடுப்பு எலும்பு சேரும் இடத்திலும் வருவது. இதுதான் ஏமாற்றுகிற ஆள். குடல் முழுசா ஆறியிருந்தாலும் இது பாட்டுக்கு உள்ளே வேலை செய்யும், விட்டால் முதுகை மூங்கில் மாதிரி விறைக்க வைத்துவிடும். சாப்பாட்டை மட்டும் நம்பி இதை விட்டுவைத்தால் இழந்த வளைவு திரும்பாது.

நம்ம வேலைக்காரங்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டு, சாயங்காலம் வலித்து, படுத்தால் குறைகிற முதுகுவலி பெரும்பாலும் வேலை வலி, தேய்மான வலி. படுத்தால் கூடி, பின்ராத்திரியில் எழுப்பிவிட்டு, காலையில் விறைத்து, ஏர் பிடித்து நாலு சால் ஓட்டினதும் குறைகிற வலி என்றால் அது அழற்சி வலி. அதோடு கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால், அது தூசி இல்லை. அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்கணும். கண்ணும் இதே குடும்பத்துச் சண்டையில் அடிபடுகிற இடம்.

இனி அந்த ஊசிக்கு வருகிறேன். நம்ம பக்கம் வலி என்றாலே டைக்ளோஃபினாக்தான். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மருந்துகள் குடல் அழற்சி உள்ள பலருக்குக் குடலை மறுபடி கிளறிவிடும். முட்டிக்குப் போட்ட ஊசி குடலைக் கெடுக்க, கெட்ட குடல் முட்டியை வீங்க வைக்க, அதுக்கு மறுபடி ஊசி. செக்குமாடு மாதிரி ரெண்டு வருசம் நான் சுத்தினது இந்த வட்டத்தில்தான். டைக்ளோஃபினாக்கை நம்ம இதழ் வாசகர்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். மாட்டுக்குப் போட்டு, அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்த கதை. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். கழுகின் உடம்பு வேறு, நம்ம உடம்பு வேறு, அதை நான் குழப்பவில்லை. ஆனால் சாதாரணமாக நினைத்துக் கண்ட இடத்தில் போட்டுக்கொள்ளும் மருந்து இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமா? ஊசி போடும் முன் "எனக்குக் குடல் புண் நோய் இருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லணும். பேர் தெரியாத மூட்டுவலிப் பொடிகள் சந்தையில் சுத்துகின்றன. ஒரே நாளில் ஓட வைக்கும் பொடி என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

எனக்குக் கொடுத்தது சல்ஃபசலசின். அதனுடைய கதையைக் கேட்டபோது, இந்த மாத்திரைமேல் எனக்கு இருந்த பகையே போய்விட்டது. 1930-களின் கடைசியில் சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய மருந்து அது. கொடுத்துப் பார்த்தால், பெருங்குடல் புண் உள்ளவர்களுக்கும் கேட்டது. குடலும் மூட்டும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று அந்த மருந்தே சொல்லிவிட்டது போல. இன்னும் ஒன்று. இந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதை ரெண்டாக உடைத்து, மருந்தை விடுவிக்கின்றன. மண்ணில் நுண்ணுயிர் செத்தால் போட்ட உரம் பயிருக்குச் சேராது என்று நாம் பேசுகிறோமே, அதே சங்கதி நம்ம வயிற்றுக்குள்ளே! எல்லாருக்கும் இது ஆகாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது. உடம்பில் ஃபோலிக் அமிலத்தையும் குறைக்கும், அதனால் கூடவே அதுக்கும் ஒரு மாத்திரை எழுதுவார்கள். முதுகெலும்பு வகைக்கு இது போதாது, வேறு மருந்து வேண்டும்.

இப்போது சாப்பாடு. இங்கேதான் நமக்குச் சொல்ல நிறைய இருக்கு.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் குடல் அறுவைச் சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் ஜெஸ்வந்த் குழுவினர் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்தார்கள். அதுவும் எந்த நோய்க்கு? இதே குடல் அழற்சி நோய்க்கு. தமிழ்நாடு அரசு 2.7 கோடி ரூபாய் ஒதுக்கிய செய்தி 2021-ல் வந்தபோது, நான் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டேன். கூழும் பழையதும் ஏழை சாப்பாடு என்று ஒதுக்கின காலம் போய், அறுவைச் சிகிச்சை டாக்டர்களே அதை எடுத்துப் பார்க்கிறார்கள் என்றால் பெருமைதானே.

இதுக்கு முன்னாடியே ஒரு தடம் இருக்கு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு 2000-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. காலரா நோயாளிகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தார்கள். பேதி சீக்கிரம் குறைந்தது. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் நுண்ணுயிருக்குத் தீனியாகிறது. அவை அதைப் புளிக்க வைத்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அந்தப் பியூட்டிரேட்தான். சோறு வடித்து ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு இப்படிச் செரிக்காத மாவாக மாறுகிறது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது. ஆக, பழைய சோறு என்பது தீனியும் நுண்ணுயிரும் ஒரே சட்டியில். ஜீவாமிர்தத்தில் வெல்லமும் பயறு மாவும் எதுக்குப் போடுகிறோம் என்று தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. (பெரம்பலூர்ப் பக்கம் மலைமலையா விளையும் நம்ம மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. வேலூரில் பயன்படுத்தியது வேறு ரகம், அவித்த கதிரைத் தின்றால் அந்தப் பலன் வரும் என்று கிளம்பிவிடாதீர்கள்.)

நான் செய்வது இதுதான். புழுங்கலரிசிச் சோறு, கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர், கழுவிக் காய வைத்த மண்சட்டி. சித்திரை வெயிலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க மாட்டேன், அழுகல் வாடை அடித்தால் ஆட்டுக்குக்கூட வைக்காமல் கொட்டிவிடுவேன். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் கடுமையான மருந்து எடுப்பவர்கள் இந்தச் சுத்தத்தில் ரெண்டு மடங்கு கவனமாக இருக்கணும், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும். கையால் நல்லா பிசைந்து, கடைந்த மோர் கொஞ்சம், உப்பு. நோய் ஏறியிருக்கும் நாட்களில் அவ்வளவுதான். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இல்லாமல் பழையதா என்று கேட்பீர்கள். செட்டிகுளத்து வெங்காயத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைத் தள்ளி வைப்பது கொடுமைதான். ஆனால் பச்சை வெங்காயம் வாயுவைக் கட்டும், மிளகாய் புண்ணில் தீ வைக்கும். ரத்தம் நின்று ரெண்டு மாசம் ஆனபிறகுதான் ஒன்றொன்றாகச் சேர்த்தேன்.

இங்கேதான் நம்ம இயக்கத்து ஆட்கள் தவறு செய்கிறோம். யாருக்கு என்ன நோய் என்றாலும் சிறுதானியம், பச்சைக் காய்கறி, தவிடு நீக்காத அரிசி என்று ஒரே சீட்டை எழுதுகிறோம். புண் ஆறியிருக்கும் காலத்தில் நார்ச்சத்து நல்லது, சந்தேகமே இல்லை. புண் பொங்கியிருக்கும்போது அதே நார் எரிச்சலைக் கூட்டும். க்ரோன்ஸில் குடல் சுருங்கியிருப்பவருக்குச் சோளப்பொரி, முழுக்கடலை, முந்திரி, சுண்டல், நார்க்கீரை போய் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோகும். நோய் ஏறிய நாட்களில் எனக்கு ஒத்துக்கொண்டவை: நொய்க் கஞ்சி, இட்லி, தோல் சீவிக் குழைய வேகவைத்த சுரைக்காய், பூசணி, பாசிப்பருப்புத் தண்ணீர், வாழைப்பழம், இளநீர், அவித்த முட்டை. முட்டையைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ரத்தமும் சத்தும் போய்க்கொண்டிருக்கிற உடம்புக்குப் புரதம் வேணும்ங்க. மீன் சாப்பிடுபவர்களுக்கு மத்தி நல்லது. பால் சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது. நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்கு வழி பார்க்கணும், ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே இளைத்திருக்கும். நான் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் எடுத்துக் காய்ச்சிக் குடித்தேன். சக்கை இல்லாததால் வயிறு ஏற்றுக்கொண்டது. வரகும் முருங்கைக்கீரையும் வந்தது அதுக்கெல்லாம் பிறகு.

எது ஆகும், எது ஆகாது என்று கண்டுபிடிக்க நமக்கு ஒரு வசதி இருக்கு. புது விதையோ புதுக் கரைசலோ வந்தால் மூன்றரை ஏக்கருக்கும் ஒரே நாளில் போட மாட்டோம், ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்போம். அதே மாதிரி, மழை எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் தினமும் எழுதினேன்: என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை போனேன், ரத்தம் உண்டா, காலையில் கால் விறைப்பு எத்தனை நேரம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பொருளை மாற்றுவேன். ஒரே நாளில் அஞ்சு பொருளை நிறுத்தினால் எது குற்றவாளி என்று எந்தப் பஞ்சாயத்தாலும் சொல்ல முடியாது. டாக்டரம்மா அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, எல்லா நோயாளியும் இப்படிக் கொண்டுவந்தால் என் வேலை பாதி குறையும் என்றார்.

இனி நான் செய்த தப்பு. 2019 கோடையில் நல்லா இருந்தேன். எட்டு மாசமாக ரத்தம் இல்லை, முட்டி வீக்கம் இல்லை. நம்ம வட்டாரத்தில் நான் மதிக்கிற ஒரு பெரியவர், "இன்னும் எதுக்குப்பா அந்த நஞ்சு? நிலத்துக்கு நிறுத்தின, உடம்புக்கு நிறுத்த மாட்டியா?" என்றார். கேள்வி அழகாக இருந்தது. நிறுத்திவிட்டேன். மூன்று வேளையும் வரகு, காலையில் அறுகம்புல் சாறு, மத்தியானம் பச்சைக் காய்கறி. மூணு மாசம் ஒன்றும் ஆகவில்லை. பார்க்கிறவரிடமெல்லாம் பெருமை பேசினேன். புரட்டாசியில் அடித்தது. இருபது தடவை ரத்தம், ரெண்டு முட்டியும் வீங்கி எழுந்து நிற்க முடியவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரி, ரெண்டு பாட்டில் ரத்தம். அறுபத்து நாலு கிலோ இருந்தவன் நாற்பத்தொன்பது ஆனேன். மக்காச்சோளக் கதிர் ஒடிக்க ஆள் பார்க்க முடியாமல் பாதி பன்றிக்குப் போச்சு. ஆறு ஆட்டை விற்றோம். என் வீட்டுக்காரம்மா அந்தப் பெரியவரை இன்றைக்கும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. நான் கூப்பிடுகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அந்த மூணு மாசத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். மருந்து நிறுத்தின மறுநாளே இந்த நோய் திரும்பாது. தானாகவே ஏறும், தானாகவே இறங்கும் நோய் இது. இறங்குகிற சமயத்தில் எதைத் தின்றோமோ அதுக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. மழை பெய்து பயிர் எழுந்து நிற்கும்போது முந்தின நாள் தெளித்த கரைசலுக்குப் பேர் கொடுக்கிற மாதிரி. நாம் பார்க்கிற "குணமாகிவிட்டேன்" வீடியோக்கள் பலவும் அந்த மூணு மாசத்துக்குள் எடுத்தவையாக இருக்கும். நாலாவது மாசம் யாரும் கேமரா கொண்டுவருவதில்லை.

வெளியூர்ப் பத்தியங்களும் இப்போது போனில் வந்து குவிகின்றன. அரிசி, தானியம், கிழங்கு எல்லாத்தையும் விட்டால் முதுகெலும்பு வலி போகும் என்பது ஒன்று. லண்டனில் ஆலன் எப்ரிங்கர் என்ற பேராசிரியர், குடலில் உள்ள கிளெப்சியெல்லா பாக்டீரியா மாவுச்சத்தில் வளர்ந்து இந்த நோயைத் தூண்டுகிறது என்று சொன்னதிலிருந்து கிளம்பியது. சிலருக்குக் குறைந்ததாகச் சொல்கிறார்கள், பெரிய பரிசோதனைகளில் நிலைநாட்டப்படவில்லை. சோற்றையும் கம்பையும் விட்டால் கூலிக்காரன் எதைத் தின்று மண்வெட்டி பிடிப்பான்? தானியமே இல்லாத இன்னொரு கடுமையான பத்தியத்தையும், காய்கறி, பருப்பு, மீன், எண்ணெய் என்று இருக்கும் மத்தியதரைக்கடல் நாட்டுச் சாப்பாட்டையும் அமெரிக்காவில் க்ரோன்ஸ் நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்டார்கள். ரெண்டும் ஏறக்குறைய ஒரே பலன். அப்படி என்றால் சுலபமானதைச் செய்துவிட்டுப் போகலாமே! குழம்பும் கூட்டும் மோரும் உள்ள நம்ம சாப்பாடு அந்த ரெண்டாவதுக்கு ரொம்பத் தூரம் இல்லை என்று எனக்குப் படுகிறது.

டெல்லி எய்ம்ஸில் ஒரு படி மேலே போனார்கள். 2022-ல் வெளியான அவர்கள் ஆய்வில், நோயில்லாதவர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் கொலைட்டிஸ் நோயாளிகளின் குடலில் சேர்த்து, கூடவே அழற்சியைக் குறைக்கும் சாப்பாடும் கொடுத்து, பிறகு சாப்பாட்டை மட்டும் தொடர்ந்து ஒரு வருசம் பார்த்தார்கள். நல்ல பலன். மிதமான நோய் உள்ளவர்களிடம், டாக்டர்களின் கண்காணிப்பில் செய்தது. சாணத்தைக் கரைத்து நிலத்துக்கு உயிர் கொடுக்கிற நாம் இதைக் கேட்டு மூக்கைப் பொத்தத் தேவையில்லை. அதே எய்ம்ஸ், மஞ்சளின் குர்குமினைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை என்றும் சொன்னது. பலன் தெரிந்த மற்ற ஆய்வுகளில் கொடுத்தது கிராம் கணக்கில், அதுவும் மருந்தோடு சேர்த்து. ரசத்தில் போடும் மஞ்சள் ருசிக்கு. மஞ்சள் விற்கும் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.

எதைத் தவிர்க்கணும் என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பாக்கெட் தீனி. நம்ம நாடு உட்பட 21 நாடுகளில் 1,16,000 பேருக்கு மேல் பல வருசம் தொடர்ந்து பார்த்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஆலையில் பலமடங்கு பதப்படுத்திய உணவை அதிகம் தின்றவர்களுக்குக் குடல் அழற்சி நோய் அதிகம் வந்திருந்தது. வீட்டில் சமைக்கிற சாதாரணச் சோறு, காய், கறி, பால் ஆகியவற்றோடு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. ஐஸ்கிரீம், கேக், சாஸ் பாக்கெட்டின் பின்னால் 466, 433 என்று எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்ப்பவை. எலிகளில் குடலின் சளிப்படலத்தைக் கெடுத்ததாக 2015-லேயே ஆய்வு வந்தது. இங்கே இன்னொன்றும் சொல்லணும். இந்த நோய்க்குப் பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று நம்ம கூட்டங்களில் அடித்துப் பேசுகிறார்கள். நஞ்சை எதிர்க்க நமக்கு நூறு உண்மையான காரணம் இருக்கு. நிரூபிக்காத நூத்தியோராவதைச் சேர்த்தால் மற்ற நூறும் பலவீனமாகும்.

அதனால் நம்ம இயக்கத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை. சந்தையில் நம்ம கடைகளில் அரிசி மூட்டைமேல் நோய்ப் பேர் எழுதி ஒட்டுவதை நிறுத்துவோம். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக்கவுனியும் சர்க்கரை, மூட்டு, புற்று என்று எல்லாத்துக்கும் பட்டியல் போடாமலே விற்கும், ருசியில் விற்கும். யாராவது நோயைச் சொல்லி வாங்க வந்தால், "மருந்து எடுத்துக்கிட்டு இருக்கீங்களா? அதை விட்டுடாதீங்க" என்று கேட்டுவிட்டுப் படியளப்போம். கூட்டத்தில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பேசுவோம். எங்க தெருவில் ஒரு அக்கா மூணு வருசம் ரத்தம் போனதை யாரிடமும் சொல்லாமல், சூடு என்று வெந்தயம் விழுங்கிக்கொண்டே களையெடுத்தார். மறைவிடம் இல்லாத கொல்லையில் பத்துத் தடவை ஒதுங்குவது ஆணுக்கே அவமானம் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அவருக்குத் தேவைப்பட்டது வரகுப் பிரசங்கம் இல்லை. இது நோய், டாக்டரிடம் போகலாம் என்று ஒரு சொல்.

மஞ்சப்பையோடு வந்த தம்பியைத் திண்ணையில் உட்கார வைத்தேன். நீராகாரம் ஒரு சொம்பு கொடுத்தேன். அப்புறம் உள்ளே போய் என் மாத்திரை டப்பாவை எடுத்து வந்து அவன் முன்னால் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தான். "அப்ப வீடியோவுல ஏண்ணே சொல்லல?" என்று கேட்டான். பதில் இல்லை.

அவன் சீட்டைப் படித்தபோது, முட்டி வலிக்கு வேற ஒரு இடத்தில் டைக்ளோஃபினாக் எழுதி வாங்கித் தின்று வந்தது தெரிந்தது. போன வாரம் அவன்கூடவே பஸ் ஏறி அவனுடைய டாக்டரிடம் போயிட்டு வந்தேன். அதை நிறுத்தி, குடல் மருந்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் குறைந்திருக்கிறதாம். அவன் அம்மாவிடம் நொய்க் கஞ்சிப் பதத்தைச் சொல்லிவிட்டு, மழை நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

"வரகு எப்பண்ணே சாப்பிடலாம்?" என்கிறான். ரத்தம் முழுசா நிக்கட்டும்டா, கார்த்திகையில உன் கொல்லை வரகையே சாப்பிடலாம்னு சொல்லியிருக்கேன். ஆடிக்கு விதை நான் தரேன்.